கேக்குக்குள் ஒரு திராக்மா

எங்கள் கவாலா ஊரில் கடலோரம் அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைப்பவள் ஸ்டமாட்டியா. கிரேக்க நாட்டின் பழைய நாணயமான திராக்மா இருந்த காலத்தில் அதன் மதிப்பு விழுந்தால் வெளிநாட்டாருக்கு ஊர் மலிவாகிவிடும். ஜெர்மன்காரர்கள் வந்து குவிவார்கள். பிறகு யூரோ வந்தது. எந்தப் புண்ணியவான் கணக்குப் போட்டானோ, அவர்கள் காசும் எங்கள் காசும் ஒன்றாகிவிட்டது. நெருக்கடி வந்தபோது காசு விழவில்லை, எங்கள் சம்பளம்தான் விழுந்தது. அவள் மகன் லாசரோஸ் ஜெர்மனிக்கே வேலைக்குப் போய்விட்டான்.

புத்தாண்டு கேக்கில் ஒரு காசை ஒளித்து வைத்து, ஊரில் இல்லாதவர்களுக்கும் சேர்த்துத் துண்டு போடுவோம். காசு யார் துண்டில் வருகிறதோ, அந்த வருஷம் அவருக்கு அதிர்ஷ்டம். போன வருஷம் லாசரோஸின் துண்டில் யூரோ வந்தது. ஸ்டமாட்டியா அவனிடம் போனில் சொன்னாள். "நீயே வச்சுக்கம்மா, இங்கயும் அதே காசுதானே" என்று சிரித்தான். அவளுக்குச் சுருக்கென்றது.

இந்த வருஷம் பழைய திராக்மா ஒன்றை ஒளித்து, அது அவன் பங்கில் விழும்படி பார்த்து வெட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி நான் கூடவே இருந்தேன்.

"ஏண்டி, கள்ளாட்டமா ஆடுற?" என்றார் அவள் புருஷன் அனெஸ்டிஸ். "அது அங்க செல்லாதே!"

"அதனாலதான். இங்க வந்து வாங்கிக்கட்டும்."

"இங்க மட்டும் செல்லுமாக்கும்?"

"அதை அவன் நேர்ல வந்து சொல்லட்டும்."