சீலி எழுதிய பதினோரு வரிகள்

சனிக்கிழமை காலை, படூரில் எங்கள் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வந்திருந்தது. அந்த இரைச்சலில் தொலைபேசி சரியாகக் கேட்கவில்லை. ஜெயசீலியின் தம்பி இரண்டாம் முறை சொன்னார்: "ரகு அண்ணா, அக்கா பூட்டாங்க. காலைலதான்." சீலிக்கு இதய வால்வில் கோளாறு இருந்தது நமக்குத் தெரியும். ஆனால் நாற்பது வயதுகூட ஆகவில்லை. நாவலூர் அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்து, இப்போது ஊர் ஊராகப் பிரிந்து கிடக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

சீலி செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் வழியாகப் பேருந்து மாறி வருவார். பெற்றோர் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர்கள். நாங்கள் பலரும் ஊர்ப் பேச்சுவழக்கை அலுவலக வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே போவோம். சீலி விடவில்லை. வெளிநாட்டுக்காரரோடு ஆங்கிலத்தில் பேசி முடித்து ஒலிவாங்கியை அணைத்ததும், "இன்னாதான் வேணுமாம் இவருக்கு?" என்று எங்களைப் பார்ப்பார்.

அப்போது ஒரு குழந்தைகள் மருத்துவமனைக்காக, எடையை வைத்து மருந்தின் அளவைக் கணக்கிடும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். அதற்கு நாங்கள் பயன்படுத்தியது, கணிதச் சார்புகளைக் கோத்து நிரல் எழுதும் ஒரு மொழி. அதில் ஒவ்வொரு மதிப்பும் இன்ன வகை என்று உண்டு. வகை பொருந்தாவிட்டால், நிரலைச் சரிபார்த்துக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் அதை ஏற்காது. நிரலின் தனித்தனிப் பகுதிகளை மாடியூல் என்போம்; மருந்துக் கணக்கு மாடியூல் சீலியுடையது. நோயாளி விவர மாடியூல் என்னுடையது. 'எடை' என்ற வகையை அவர் தன் மாடியூலில் வரையறுத்திருந்தார். நான் அதே பெயரில், அதே அமைப்பில் என்னுடையதிலும் ஒன்று எழுதினேன். 'தேவைப்படுவது எடை, கிடைத்தது எடை, பொருந்தவில்லை' என்று பிழை வந்தது. கம்பைலருக்குப் பைத்தியம் என்றேன்.

"எங்க தெருவுல மூணு டேனியலு கீறாங்க," என்றார் சீலி. "ஒருத்தருக்கு வந்த லெட்டர இன்னொருத்தர் பிரிப்பாரா? நீ தனியா ஒண்ணு செய்யாத ரகு. எங்கிட்ட கீறத எடுத்துக்கோ."

எடுத்துக்கொண்டிருக்கலாம். அவசரத்தில் இரண்டு வகைகளையும் நீக்கிவிட்டு, எடையை அலகு இல்லாத வெறும் எண்ணாக மாற்றினேன். பிழை மறைந்தது. சீலியின் கோப்பிலும் கை வைத்ததை அவரிடம் சொல்லவில்லை.

மருத்துவமனையிலிருந்து செல்வி என்ற மூத்த செவிலியர் சோதித்துப் பார்க்க வந்தார். பிறந்த குழந்தையின் எடையை, வார்டில் எழுதுவதுபோலக் கிராமில், 2400 என்று தட்டினார். சீலியின் கணக்கு அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டது. "இன்னாம்மா இது, கொழந்தைக்கு பக்கெட்டுல மருந்து குடுக்கணுமா?" என்றார் செல்வி. எல்லோரும் சிரித்தோம். சீலி சிரிக்கவில்லை.

யார் மாற்றியது என்று மேலாளர் கேட்டார். நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க ரெண்டு பேர் மாடியூலுக்கு நடுவுல நடந்தது சார். நாங்களே சரி பண்றோம்," என்றார் சீலி. "அது வரைக்கும் ரிலீசுக்கு நான் கையெழுத்து போடமாட்டேன்."

இரண்டு வாரம் பிடித்தது. எடைக்கென்று தனி மாடியூல் வைத்து, அதற்கு முகப்பாகப் பதினோரு வரி எழுதினார். வகையின் பெயர் மட்டும் வெளியே தெரியும். உள்ளே இருப்பது தெரியாது. கிராமா கிலோவா என்று சொல்லாமல் எந்த மாடியூலும் ஓர் எடையை உருவாக்க முடியாது. தாமதத்துக்கான பழி அவர்மேல் விழுந்தது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர் பட்டியலிலிருந்து அவர் பெயர் போய், என் பெயர் வந்தது.

முட்டுக்காட்டில் எல்லோரும் படகுச் சவாரிக்கு வரிசையில் நின்றபோதுதான் அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

"அன்னிக்கே தெரியும். ஒன் மூஞ்சியே சொல்லிச்சே."

"ஏன் சொல்லல?"

"சொன்னா ஒன்ன திட்டுவாங்க. அப்பால வேற ஒருத்தர் அதே தப்ப செய்வாரு. செய்யவே முடியாத மாறி கட்டணும், அவ்ளோதான்." வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்தார். "ஆனா கோவம் இருந்துச்சு ரகு. பாஸ்போர்ட்டெல்லாம் எடுத்து வச்சிருந்தேன்."

மறுநாள் மேலாளரிடம் உண்மையைச் சொன்னேன். பட்டியல் மாறவில்லை. நான் போய்விட்டு வந்தேன். அங்கே குளிர் எப்படி என்று மட்டும் சீலி கேட்டார். அதன் பிறகும் மதியம் என் எதிரில்தான் உட்கார்ந்து சாப்பிட்டார்.

செங்கல்பட்டில் அடக்கத்துக்குச் செல்வியும் வந்திருந்தார். "இன்னும் அந்த ஸ்கிரீனு கிராமா கிலோவான்னு கேட்டுக்கினே கீதுங்க. அவசரத்துல கடுப்பாவும்," என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேக்கட்டும்," என்றார்.

இப்போது என் குழுவில் தவறு நடந்தால், யார் செய்தது என்று நான் கேட்பதில்லை; எப்படிச் செய்ய முடிந்தது என்று கேட்கிறேன். தவறு என்னுடையது என்றால், யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். முதலாவது சீலி எனக்குத் தந்தது. இரண்டாவது, அன்று நான் அவருக்குச் செய்யாமல் விட்டது.