கூடவே வரும் கோடு

புன்னைக்காயல் முகத்துவாரத்தில் ஆழமில்லை. வள்ளம் மெதுவாக ஊர்கிறது. அடியில் தொங்கும் ஈயக்குண்டோடு தூண்டிலும் இழுபட்டு வருகிறது. துபாயிலிருந்து மீன்காட்டும் கருவி கொண்டுவந்திருக்கும் சேவியர் அதன் திரையையே பார்க்கிறான். இது பலித்தால் அவன் திரும்பப் போகவேண்டாம், ஊரிலேயே தொழில்.

"அது என்ன கோடு?" என்கிறேன்.

"பாறை மீனு அண்ணாச்சி! நம்ம கூடவே வருது."

குண்டு தரையில் தட்டாமலிருக்க, சுக்கான் பிடிக்கும் அவன் மச்சினன் அதைச் சற்றுத் தூக்குகிறான். திரையில் கோடும் மேலேறுகிறது. இறக்கினால் இறங்குகிறது.

சேவியரின் முகம் சுண்டிவிடுகிறது.

"நம்ம குண்டையே இம்புட்டுத் தெளிவா காட்டுதே மச்சான், மீனு வந்தா காட்டாமலா போவும்?" என்று மச்சினன் வள்ளத்தைத் திருப்புகிறான், இன்னொரு சுற்றுக்கு.