நான் பெற்றுப்போட்ட நியூஜெர்சிக்காரி

அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த வயது முப்பத்திரண்டு. ஊர் நியூஜெர்சி. கணவருக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஒரே மகன், இட்லி என்றால் உயிரை விடுவான். ஊருக்கு வந்தபோது கோயம்புத்தூரில் ஒரு சின்னப் பட்டறையில் டேபிள் டாப் கிரைண்டரை அமெரிக்கக் கரண்டுக்கு மோட்டார் மாற்றி வாங்கிப்போய், அதில் மாவாட்டி மகனுக்குப் பஞ்சு மாதிரி இட்லி ஊற்றித் தருகிறவள். இப்படி ஒருத்தி உலகத்தில் எங்கும் கிடையாது. தொண்ணூறுகளின் கடைசியில், பீளமேட்டில் ஒரு பிரவுசிங் சென்டரில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான்தான் அவளைப் பெற்றுப்போட்டேன்.

அவள் வாங்கியதாகச் சொன்ன கிரைண்டர் எங்களுடையது. என் வீட்டுக்காரரும் அவருடைய சித்தப்பா மகனும் சேர்ந்து ஆரம்பித்த பட்டறை. பழைய மில் ஒன்றின் பின்பக்கச் சுவரை ஒட்டித் தகர ஷெட். மூன்றாம் வருடம் இருவரும் பிரிந்தார்கள். கொழுந்தனார் ஊரின் இன்னொரு மூலையில், கணபதியில் தனியாக ஷெட் போட்டு, அதே மாடலில் கிரைண்டர் செய்ய ஆரம்பித்தார். "பொழச்சுப் போறான், உடு புள்ள" என்றார் இவர். இவர் அப்படித்தான். யார் எதைச் சொன்னாலும் நம்புவார். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சந்தேகப்படுகிற வேலை வீட்டில் என்னுடையது. பால்காரர் கேனைத் திறந்தால் அவர் கையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். கொழுந்தனாரை விட்டுவிடுவேனா?

அந்த வருடம் பெரிய கம்பெனிக் கிரைண்டர்கள் டிவி விளம்பரத்தோடு வந்து கடைகளை அடைத்துக்கொண்டன. எங்கள் சரக்கு பாலிதீன் போர்த்திக்கொண்டு ஷெட்டிலேயே வரிசையாக உட்கார்ந்திருந்தது. தை பிறந்ததும் ஷெட்டைக் காலி செய்துவிட்டுத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு ஃபிட்டராகப் போவதாக இவர் யாரிடமோ வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். வந்து சாதாரணமாகத்தான் சாப்பிட்டார். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. தன் கையால் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றி, தன் கிரைண்டரில் ஒட்டுகிற லேபிளுக்குக் கலர் பார்த்து நின்ற மனுஷன் இன்னொருத்தன் விசிலுக்கு ஓடுவதா? அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

கல்யாணத்துக்கு முன்னால் நான் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்தேன். அந்தத் தைரியத்தில் பிரவுசிங் சென்டருக்குப் போய்த் தேடியதில், வெளிநாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசுகிற ஒரு டிஸ்கஷன் ஃபோரம் கிடைத்தது. ஒருவர் கேள்வி எழுதுவார், பத்துப் பேர் பதில் எழுதுவார்கள், எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். கறிவேப்பிலை எங்கே கிடைக்கும், விசா எப்போது வரும் என்ற கேள்விகளுக்கு நடுவே ஒரு புலம்பல் மட்டும் ஓயவே இல்லை. மிக்சியில் அரைத்தால் இட்லி கல்லாக வருகிறது, என்ன செய்ய?

முதலில் நான் யோக்கியமாகத்தான் எழுதினேன். எங்களிடம் கிரைண்டர் இருக்கிறது, அமெரிக்கக் கரண்டுக்குத் தகுந்த மோட்டார் போட்டுத் தருவோம் என்று. இங்கே விளம்பரம் போடாதீர்கள் என்று நாலு பேர் பாய்ந்தார்கள். மறுநாள் என் குறிப்பையே எடுத்துவிட்டார்கள். சரிதான், விற்பவள் சொன்னால் விளம்பரம், வாங்கியவள் சொன்னால் அனுபவம் என்றால், வாங்கியவளையும் நானே செய்துகொள்கிறேன் என்று ஆத்திரத்தில் செய்ததுதான் நியூஜெர்சிக்காரி. வீட்டில் இதைச் சொல்லவில்லை. நான் என் பேரில் எழுதுவதாகவே இவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவளுக்கு நல்ல மவுசு. எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு கனம் என்று கேள்விகள் வந்தன. அவள் பட்டறை இருக்கும் இடத்தை அடையாளத்தோடு சொன்னாள். அப்போதுதான் டெக்சாஸிலிருந்து என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி வந்தாள். கல் எந்த ஊர்க் கல்? மோட்டார் யார் சுற்றுகிறார்கள்? முதலாளி எப்படிப்பட்டவர், கூட்டாளி யாராவது உண்டா? இட்லிக்கு மாவாட்டக் கிரைண்டர் கேட்கிறவள் கூட்டாளியைப் பற்றி எதற்குக் கேட்கிறாள்? எனக்குச் சுருக்கென்றது. தொழிலில் இருக்கிறவன்தான் இப்படிக் கேட்பான். நானே வேஷம் போட்டு உட்கார்ந்திருந்ததால், எதிரில் இருப்பதும் வேஷம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

"உங்க தம்பி பொம்பள பேர்ல வந்து நம்ம ஆழத்தப் பாக்கறாருங்க" என்றேன் இவரிடம்.

"அவனுக்கு இங்கிலீசுல கையெழுத்தே வராது புள்ள."

"ஆள வெச்சு எழுதுவாருங்க."

இவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் விடவில்லை. மூன்று மாதம், சாப்பாடு போடும்போதெல்லாம் இதையே ஓதினேன்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் காலை வயதான தம்பதி ஒன்று ஷெட் வாசலில் வந்து நின்றது. அவர் வெள்ளை வேட்டி, அந்தம்மா கையில் ஒரு துணிப்பை.

"ஏனுங்க அம்மணி, இங்க மாவாட்டற மிசின் பண்றாங்களாமா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தமுங்க" என்றார் பெரியவர்.

"எந்தூருங்க?"

"உடுமலைப் பக்கமுங்க."

"யாரு சொல்லி வந்தீங்க?"

"பேசிக்கிட்டாங்க கண்ணு" என்று அந்தம்மா மழுப்பினார்.

எங்கள் பக்கம் வாசலில் வந்து நிற்கிறவர்கள் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் இன்னார் வீடு, இன்னாருக்கு என்ன முறை என்று சொல்லிவிடுவார்கள். பேரும் ஊரும் சொல்லாமல் வீட்டை நோட்டம் விடுகிறவர்கள் பெண்ணுக்கு விசாரிக்க வருகிறவர்கள் மட்டும்தான். எங்கள் வீட்டில் கட்டிக்கொடுக்கப் பெண் இல்லை. உடுமலைக்காரர்கள் இரண்டு பஸ் மாறிச் சும்மா பார்க்க வருவார்களாம், யாரிடம் காது குத்துகிறார்கள்? கணபதியிலிருந்து அனுப்பிய ஆட்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

இவரோ நாற்காலி இழுத்துப் போட்டு, சோதனைக்கு ஊறவைத்திருந்த உளுந்தைப் போட்டு ஆட்டியே காட்டினார். கல் எங்கிருந்து வருகிறது, மோட்டாரை எப்படிச் சுற்றுகிறார் என்று ஒளிக்காமல் எல்லாம் சொன்னார். நான் பின்னால் நின்று கண்ணைக் காட்டிக் காட்டிக் கண் வலித்ததுதான் மிச்சம். அந்தம்மா ஒரு சிட்டிகை மாவை எடுத்துத் தண்ணீர் டம்ளரில் போட்டார். மாவு மிதந்தது; பதமாக அரைபட்ட மாவுதான் மிதக்கும். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வேவு பார்க்க வந்தவள் மாவை மிதக்கவிட்டா பார்ப்பாள்?

"ஏவாரமெல்லாம் எப்படி அம்மணி? வெளிநாட்டுக்கெல்லாம் போகுதுங்களா?" என்று அந்தம்மா கேட்டார்.

வியாபாரம் எப்படி என்று கேட்டால் "ஏதோ ஓடுதுங்க" என்பதற்கு மேல் எங்கள் ஊரில் ஒருவர் வாயிலும் வராது. மூன்று ஷிப்ட் ஓட்டுகிற மில் முதலாளியும் அதைத்தான் சொல்வார். நன்றாகப் போகிறது என்றால் கண் படும், பங்காளி காதுக்குப் போகும். நான் அதற்கும் ஒரு படி கீழே இறங்கினேன்.

"எங்கீங்க. உள்ளூர்லயே வாங்க ஆளில்லீங்க. வெளிநாட்டுக்கு ஒண்ணுகூடப் போனதில்ல. தை வந்தா மூடிப்போடலாம்னு இருக்கமுங்க."

போய் உன் எஜமானனிடம் சொல் என்று மனசுக்குள் சேர்த்துக்கொண்டேன். இவர் முகம் வாடிவிட்டது. அவர்கள் போனபின் ஏன் அப்படிப் பேசினாய் என்று கேட்டார். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஃபோரத்தைத் திறந்தால் டெக்சாஸ்காரி எழுதியிருந்தாள். படிக்கப் படிக்க எனக்குக் காது மடல் சுட்டது. அப்பாவையும் அம்மாவையும் பட்டறைக்கு அனுப்பி விசாரித்தாளாம். மாவு அருமை என்று அம்மா சொன்னாராம். அதைவிட, அந்த வீட்டம்மா மாதிரி நேர்மையான வியாபாரியை அம்மா பார்த்ததே இல்லையாம். வெளிநாட்டுக்கு ஒன்றுகூடப் போனதில்லை என்று மறைக்காமல் சொல்லிவிட்டாராம். அப்படியானால் நியூஜெர்சி மேடம், நீங்கள் யார்? உங்கள் வீட்டுக் கிரைண்டர் எங்கிருந்து வந்தது?

அதற்குக் கீழே ஊரே கூடியிருந்தது. அந்தப் பட்டறையின் பேரைச் சொல்லி ஆர்டர் பிடித்து ஏமாற்ற எவனோ கிளம்பியிருக்கிறான், நல்லவர்கள் பேரைக் கெடுக்கிறான் என்று ஆளாளுக்குத் திட்டியிருந்தார்கள். அவர்கள் காறித் துப்பியதும் என்னைத்தான், தூக்கி வைத்துக் கொண்டாடியதும் என்னைத்தான். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். நியூஜெர்சிக்காரி அதன்பின் ஒரு வார்த்தை எழுதவில்லை.

மார்கழி பிறந்ததும் அந்தத் தம்பதி மறுபடி வந்தது. இந்த முறை மகள் பேரைச் சொல்லி, ஒரு காகிதத்தையும் மேஜையில் வைத்தார்கள். பதினான்கு குடும்பங்களின் பட்டியல். எல்லாருக்கும் அமெரிக்கக் கரண்டுக்கு மோட்டார். இவர் அதை மூன்று முறை படித்தார். திருப்பூர் போகவேண்டாம் என்பது இவர் முகத்திலேயே தெரிந்தது.

பெரியவர் செருமிக்கொண்டு சொன்னார். "ஒரு சங்கதிங்க. உங்க பேரச் சொல்லிக் கம்ப்யூட்டர்ல ஆரோ பொய்யா எழுதிட்டு இருந்திருக்காங்க. உங்க ஆர்டரத் தட்டிட்டுப் போறதுக்குத்தான் பாருங்க. வேண்டாதவங்க ஆராச்சும் இருக்காங்களா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் மேஜைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்தால் நேர்மையான வீட்டம்மா அங்கேயே காலி. காகிதம் மறுபடி துணிப்பைக்குள் போய்விடும். இவர் திருப்பூர் பஸ் ஏறுவார். 

"இருக்குதுங்க" என்றார் இவர். கல்யாணமான நாளிலிருந்து இவர் ஒருத்தரைச் சந்தேகப்பட்டு நான் பார்த்தது அன்றுதான்.

அவர்கள் பஸ் ஏறியதும் வண்டியை எடுத்துக்கொண்டு கணபதிக்குப் போனார். அவர்தான் என்று நமக்கு என்னங்க தெரியும் என்று வாசல் வரை ஓடினேன். "ஆள வெச்சு எழுதியிருப்பான்னு நீதான புள்ள சொன்னே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பொழுது இறங்குமுன் திரும்பி வந்தார். 

"சித்தப்பா போட்டோவத் தொட்டுச் சத்தியம் பண்றான், நானில்லீங்கண்ணான்னு. செத்த அப்பன் மேல பொய்ச் சத்தியம் பண்றவன் மனுசனா? எனக்கு அப்பத்தான் ஆத்திரம் தாங்கல. கையை நீட்டிப்போட்டேன் புள்ள. அவம் பொண்டாட்டி, கொழந்தைங்க முன்னால."

அந்தச் சத்தியம் உண்மை என்று தெரிந்த ஒரே ஆள் நான். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டு, "நீ சொன்னப்பல்லாம் சிரிச்சேன். மனசுல வெச்சுக்காதே" என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். அடுப்படிக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

பத்து நாள் கழித்து இவர் கிரைண்டர்களை மரப்பெட்டியில் வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது ஷெட்டில் போன் அடித்தது. நான் எடுத்தேன். கொழுந்தனார் சம்சாரம்.

"ஏனுங்க்கா, நீங்களாச்சும் மாமாகிட்டச் சொல்லுங்க. இவரு சரியாச் சோறுகூட உங்கறதில்லீங்க. அந்தக் கம்ப்யூட்டருங்கறது எப்படி இருக்கும்னே எங்களுக்குத் தெரியாதுங்க்கா. உங்களுக்கு ஏதாச்சும் தெரிஞ்சாச் சொல்லுங்க."

"எனக்கும் அதெல்லாம் தெரியாது கண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

"யாரு புள்ள போன்ல?" என்றார் இவர், ஆணியை வாயில் கவ்விக்கொண்டே.

"ராங் நம்பருங்க."

இவர் அடுத்த ஆணியை அடித்தார்.