ஒத்தவாடைத் தெருவில் கை நனைத்த கதை

காலை 5.40. ஜமுனாமரத்தூரில் போளூர் பஸ் கிளம்பும்போது என் கணவர் குப்புசாமி தன் நிபந்தனையைக் கடைசித் தடவையாகச் சொன்னார்.

"கடலப் பாக்கத்தான் வர்றேன். அவ ஆக்குற கடையில கை நனைக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"சரிங்க, சரிங்க. கண்டக்டர் டிக்கெட் கேக்குறாரு பாருங்க" என்றேன்.

அவ என்றது எங்கள் ஒரே மகள் சங்கீதா. வேலூரில் கேட்டரிங் படித்துவிட்டு, ஆறு மாதமாக மாமல்லபுரத்தில் கடற்கரைப் பக்கத்து உணவகம் ஒன்றில் சமைக்கிறாள். "படிக்க வெச்சது கரண்டி புடிக்கவா?" என்று அவள் வேலைக்குக் கிளம்பிய அன்று கேட்டவர், அதன் பிறகு அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. போனை நீட்டினால் மாட்டுக்குத் தண்ணி காட்டணும் என்று எழுந்துவிடுவார். நானும் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் பதினெட்டு வருஷமாகக் கரண்டி பிடிக்கிறவள்தான். அந்தக் கரண்டி கௌரவமாம், இந்தக் கரண்டி கேவலமாம். இது என்ன நியாயமோ! அப்பனையும் மகளையும் பேச வைக்காமல் ஊர் திரும்புவதில்லை என்று நான் முடிவு கட்டியிருந்தேன். கடல் எனக்கு ஒரு சாக்குதான்.

காலை 7.30. நாற்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான மலைப்பாதையை இறங்கிப் போளூர். அங்கிருந்து ஆரணி வழியாகக் காஞ்சிபுரம் போய்ச் சேரும்போது மணி பத்தேகால். வெளியில் சாப்பிடவே கூடாது என்று அவர் கட்டிக்கொண்டு வரச் சொன்ன புளிச்சோற்றை பஸ் நிலையத்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து அவரே காலி செய்தார். எனக்கு மூன்று உருண்டை மிச்சம் வைத்தார். மதியச் சாப்பாட்டுக்கு இனி ஏதாவது கடையைத் தேடியே ஆக வேண்டும். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம்.

பகல் 12.45. செங்கல்பட்டில் பஸ் மாறி மாமல்லபுரத்தில் இறங்கினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. கடற்கரையை ஒட்டிய ஒத்தவாடைத் தெருவில் நுழைந்தால் இரண்டு பக்கமும் சாப்பாட்டுக் கடைகள்தான். ஒவ்வொரு கடை வாசலிலும் ஒருவர் விலை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கிறார். மகள் வேலை செய்யும் கடை தெருவின் கடைசியில் இருக்கிறது. அதன் பெயரை அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன், தப்பித்துப் போகலாம் என்ற தைரியம் இருந்தால்தான் அவர் பஸ் ஏறுவார் என்று.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் வாசலைத் தாண்டிப் போகிறவரைக் கூப்பிடாமல் நாங்கள் சாப்பிடுவதில்லை. கூப்பிட்டால் அவரும் தட்டக்கூடாது. வயிறு நிறைந்திருந்தாலும் ஒரு வாய் சாமைச்சோறோ ஒரு மடக்கு மோரோ வாங்கிக் கை நனைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். கை நனைக்காமல் நகர்ந்துவிட்டால் அந்த வீட்டோடு பகை என்று அர்த்தம். என் கணவர் மற்ற எதில் எப்படியோ, இதில் மட்டும் இம்மி பிசக மாட்டார்.

முதல் கடைக்காரர், "வாங்கய்யா, வாங்கம்மா, சாப்ட்டுட்டுப் போங்க!" என்று வாய் நிறையக் கூப்பிட்டார். இவர் நின்றுவிட்டார்.

"இன்னாங்க நின்னுட்டீங்க? அவங்க எல்லாரையும்தான் கூப்புடுவாங்க."

"மொகத்தப் பாத்துக் கூப்ட்டாரே. எப்படித் தாண்டிப் போறது?"

உள்ளே போனோம். எலுமிச்சை ஜூஸ், ஒன்று அறுபது ரூபாய். குடித்துவிட்டு, "நம்ம மலைக்கு வந்தா வூட்டுக்கு வாங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தார். இரண்டாவது கடையிலும் கூப்பிட்டார்கள். அங்கே வறுத்த மீன் ஒரு தட்டு நானூற்றைம்பது. இவர் கும்பிட்டு, "ஒரு வாய் தண்ணி போதும்பா" என்றார். பரிமாறுகிற பையன் எங்களை மேலும் கீழும் பார்த்தான். மூன்றாவது கடையில் சோடா. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பசியில் கண் இருட்டுகிறது, இந்த மனுஷன் தெரு முழுக்க உறவு கொண்டாடிக்கொண்டிருக்கிறார்!

அவர் சோடாவை உறிஞ்சிக்கொண்டிருந்தபோது நான் வெளியே வந்து மகளுக்குப் போன் போட்டேன்.

"உங்க நைனா எவன் கூப்ட்டாலும் உள்ள போறாருடி. நான் இன்னா பண்றது?"

 அவள் சிரித்தாள். "அப்ப நானே கூப்புடறேம்மா. நீ பேசாம இட்டுக்கினு வா."

பகல் 1.40. தெருவின் கடைசிக் கடை. பெயர்ப்பலகையைப் பார்த்ததும் அவர் எதிர்ப்பக்கத்து ஓரத்துக்கு மாறி, தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தார். அப்போது வாசலில் வந்து நின்றாள் என் மகள். வெள்ளைக் கோட்டு, தலையில் வெள்ளைத் தொப்பி, கோட்டுக் கையில் மஞ்சள் கறை. அப்பா என்று கூப்பிடவில்லை, எங்கள் ஊரில் வழிப்போக்கரைக் கூப்பிடுகிற மாதிரியே குரல் கொடுத்தாள்.

"ஏங்க, போறவங்களே! சோத்து நேரம். ஒரு வாய் கை நனைச்சுட்டுப் போங்க!"

 அவர் எதிர் ஓரத்திலேயே நின்றுவிட்டார். ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போனது.  இப்போது இவர் தாண்டிப் போனால் அது ஜென்மத்துக்கும் ஆறாத பகை. அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"நீதான சொல்லிக் குடுத்த?" என்றார் என்னைப் பார்த்து.

"நான் எங்கங்க கூப்ட்டேன்? அவ கூப்புடறா. போறதும் தாண்டுறதும் உங்க இஷ்டம்."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தெருவைக் கடந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். மற்ற மூன்று கடைகளிலும் அவர் செருப்பைக் கழற்றவில்லை.

வஞ்சிர மீன் குழம்பும் சோறும், ஒரு சாப்பாடு இருநூற்று எண்பது. அவளே கொண்டுவந்து பரிமாறினாள்.  அவர் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். இன்னொரு வாய்.

"இது நம்ம புளியாச்சே."

"அம்மா குடுத்து வுட்டது நைனா. நம்ம ஓடையோர மரத்துது. இங்க கடையில வாங்குறது எனக்குப் புடிக்கல."

கல்லாவில் இருந்த முதலாளி அம்மா எழுந்து வந்தார். "ஞாயித்துக்கெழம வந்தீங்கன்னா இங்க ஒக்கார எடம் கெடைக்காதுங்க. உங்க பொண்ணு கொழம்புக்குன்னே மெட்ராஸ்லேருந்து வர்றாங்க."

 என் கணவரின் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். எனக்கோ சொல்லவே வேண்டாம், பெருமையில் பசியே மறந்துபோனது. எங்கள் மரத்துப் புளி, என் மகளின் கைப்பக்குவம், கார் போட்டு வந்து வரிசையில் நின்று சாப்பிடுகிறது பட்டணம்! இதை நான் எங்கே போய் யாரிடம் சொல்வேன் என்று இருந்தது.

"உப்பு ஒரு கல்லு கம்மி" என்றார் அவர், ஆறு மாதத்துக்குப் பிறகு மகளிடம். பிறகு தட்டை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் போடு."

அவள் போட்டாள். சமையலறைப் பக்கம் ஓடிப்போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கடைசியில் காசு கொடுக்கப் போனவரை முதலாளி அம்மா விடவில்லை.

மாலை 3.30. கடலையும் பார்த்தோம். பெரிசுதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பீமன் நீர்வீழ்ச்சியில் தாகத்துக்கு அள்ளிக் குடிக்கலாம், இதில் அது முடியாது. நாங்கள் இருவரும் காலை நனைத்துக்கொண்டு நின்றோம். பொங்கலுக்கு அவளுக்கு எத்தனை நாள் லீவு கிடைக்கும் என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார். அவளிடமே கேளுங்கள் என்று போனை நீட்டினேன். வாங்கிப் பேசினார்.

மாலை 4.45. செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். ஜன்னலுக்கு வெளியே, அப்போதுதான் வந்து இறங்கிய ஒரு கணவனும் மனைவியும் பையோடு நின்று, இங்கே நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கண்டக்டரைக் கேட்டார்கள். கண்டக்டர் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டிவிட்டார்.

"ஒத்தவாடத் தெருவுல கடேசிக் கட! வழியில ஆளாளுக்குக் கூப்புடுவாங்க, எவன் கூப்ட்டாலும் நிக்காதீங்க. நேராப் போங்க. அங்க எம் பொண்ணு ஆக்குது!"