வில் மடியில் இருந்த நேரம்

திரையில் ஓர் அப்பா மகளை விமான நிலையத்தில் வழியனுப்பிக்கொண்டிருந்தார். கீழே மேடையில் வயலின்காரர்கள் எல்லாரும் வில்லை மடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். படத்தை ஓடவிட்டு, பின்னணி இசையை நேரடியாக வாசிக்கும் கச்சேரி அது. எத்தனையோ தடவை பார்த்த படம்தான். அந்தக் காட்சியில் சோக இசை இருப்பதாகவே இத்தனை நாளும் நம்பியிருந்தேன். இசையே கிடையாது! அதுவரை விசிலடித்த கோலாலம்பூர் கூட்டம் மூச்சுவிடவில்லை.

உடனே என் குறும்படம் ஞாபகம் வந்தது. கிள்ளான் ரயில் நிலையத்தில் ஓர் அம்மா மகனை வெளியூர் வேலைக்கு அனுப்பும் கதை. கல்லூரியில் போட்டபோது, அழ வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். அதற்கு நான் செய்த வைத்தியம், இன்னும் இரண்டு வயலின் சேர்த்தது.

மறுநாளே எடிட்டிங் பார்க்கும் தோழியிடம் ஓடினேன்.

"கடைசி ரெண்டு நிமிஷம் மியூசிக்க எடுத்துருடி."

"மியூசிக் இல்லாம யாரு அழுவா? உங்கம்மா மட்டும்தான் அழுவாங்க லா."

"போன தடவ அவங்களே சிரிச்சாங்க லா!"

எடுத்துப் பார்த்தோம். படத்து அம்மா கையிலிருந்த பிளாஸ்டிக் பை சரசரப்பது முதன்முதலாகக் கேட்டது. தோழி மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.

வரும் சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன மண்டபத்தில் திரையிடுகிறோம். இந்தத் தடவை வயலின் நேரடியாகத்தான். வாசிக்க ஒப்புக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறேன்: திரையில் ரயில் வந்ததும் வில்லை மடியில் வைத்துவிட வேண்டும், எல்லாரும் பார்க்கிற மாதிரி.