ஒரு மில்லிமீட்டர் கருப்பு

போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு அத்தை கத்துகிறார்: "யாரது கதவத் திறந்தது? சாத்து!" போர்வைக்குள் அவரோடு ஒரு செப்புப் பெட்டி; பெட்டிக்குள் எரியும் டார்ச். எந்த இடுக்கிலாவது வெளிச்சம் கசிகிறதா என்று பத்து நிமிடம் பார்ப்பார். வெளியே வரும்போது தலைமுடி நட்டுக்கொண்டு நிற்கும். "கும்மிருட்டு. சூப்பர்!" என்பார். இருட்டைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படும் ஆளை நான் வேறெங்கும் கண்டதில்லை.

விண்வெளிக்கான உணரிகளை வடிவமைப்பது அவர் வேலை. நட்சத்திரங்கள் பிறக்கும் தூசு மேகங்களிலிருந்து வரும் தூர அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது, மிகப் பலவீனமானது. அதைப் பிடிக்க, முடியைவிட மெல்லிய அலுமினியக் கோடுகளை மின்தடையே இல்லாமல் போகும்வரை குளிர்விக்கிறார்கள். துளி ஒளி பட்டாலும் உணரி துள்ளும். வேண்டாத ஒளியைத் தடுக்கத்தான் பெட்டி. யாராவது ஏசி ஜில்லென்று இருப்பதாகச் சொன்னால், "இதுவா? என் டிடெக்டருக்கு இது அடுப்பு, கண்ணு," என்பார். உணரி துள்ளுவதைக் காட்டித் திரையில் வரும் கோடுகளோடும் பேசுவார்: "என்னடா ராசா, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?"

என் அப்பா அவருடைய அண்ணன். அதே ஆய்வுக்கூடத்துப் பட்டறையில் செம்பு வெட்டியவர். இந்தப் பெட்டிதான் அவர் கடைசியாகச் செய்தது. அவர் தவறிப்போய் நான்கு மாதம் ஆகிறது.

டார்ச்சில் தேறிய பெட்டி, குளிர்வித்தபோது தேறவில்லை. மூடிய பெட்டிக்குள் உணரிகள் துள்ளின. "பெட்டி வேலை சரியில்ல. வெளியில புதுசு செய்யச் சொல்லிடலாம்," என்றார் ஆய்வுக்கூடத் தலைவர். அறிக்கையில், பிழைக்குக் காரணம்: பெட்டி தயாரிப்பு. அத்தையின் குழுவில் வேலை பார்க்கும் நான்தான் அளவீடு எடுத்தவள். எண்கள் சரி.

"ஒரு வாரம் குடுங்க. எங்கண்ணன் கை அப்படிப்பட்டதில்ல," என்றார் அத்தை.

ஆறாம் நாள் அவர் அறையிலிருந்து கூச்சல். "ஏய், ஓடி வாடி! தப்பு என்னோடது!" லாட்டரி விழுந்தவர் குரல்.

மேசையில் அவர் வரைந்த படம். காற்றை வெளியே எடுக்க விட்ட வளைந்த துளைக்குள் கருப்புப் பூச்சு: 0.1 மில்லிமீட்டர். "ஒரு மில்லிமீட்டர் போட்டிருக்கணும்டி. இவ்வளவு மெல்லிசா பூசினா நம்ம கண்ணுக்குத்தான் கருப்பு. அகச்சிவப்புக்கு அது முகம் பாக்குற கண்ணாடி! செவுத்துல மோதி மோதி உள்ள வந்திருக்கு, திருட்டுப்பய வெளிச்சம்."

பூச்சை அளந்து பார்த்தேன். 0.1. அப்பா இம்மி பிசகவில்லை.

"அண்ணன் அப்பவே கேட்டாரு, 'இது போதுமாம்மா?'ன்னு. நான்தான், 'வரஞ்சபடி செய்ண்ணே, வாயாடாத'ன்னேன்." சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அது வந்ததே ஆச்சரியம்.

துளைக்குள் தடிமனாகப் பூசி, மறுபடி குளிர்வித்தோம். திரையில் கோடுகள் அசையவில்லை. "தூங்குறானுங்க பாரு!" என்று அத்தை கிசுகிசுத்தார். ஒன்றுமே தெரியாத திரையைப் பார்த்து அறையே கைதட்டியது.

தலைவர் கையிலிருந்த அறிக்கையை அத்தை வாங்கினார். 'பெட்டி தயாரிப்பு' என்பதை அடித்தார். அந்த இடத்தில் தன் முழுப் பெயரையும் பட்டங்களோடு எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.