வார்டு வாசலில் ஓர் அண்ணன்

விபத்து வார்டின் வாசலில் அந்த அம்மாள் காவலுக்கு உட்கார்ந்து பதினாலு வருஷம் ஆகிறது. கேட்டைக் காப்பதால் ஆஸ்பத்திரியே அவளைக் 'கேட்டக்கா' என்றுதான் கூப்பிடும். சொந்தப் பெயரைக் கேட்டால் அவளே கொஞ்சம் யோசிப்பாள்.

உறவுக்காரர்களைத் தவிர யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது சட்டம். வக்கீல்களின் தரகர்களுக்கும் இது தெரியும். கால் முறிந்தவன் வலி மருந்தில் அரைமயக்கமாகக் கிடக்கும்போதே நஷ்டஈட்டில் பாதியை எழுதி வாங்கிவிடும் புண்ணியவான்கள் அவர்கள். வாசலுக்கு வந்ததும் எல்லோருமே சொந்தக்காரர்களாகிவிடுவார்கள். போன வாரம் ஒரு நரைத்த மீசைக்காரர், தான் நோயாளிக்குச் சித்தப்பா என்றார். அப்பாவுக்கு அண்ணனா தம்பியா என்று கேட்டக்கா கேட்டாள். தலைநரைக்கு அதுதான் பொருத்தம் என்று நினைத்தாரோ என்னவோ, அண்ணன் என்றார். பெரியப்பாவாக வேண்டியவர் சித்தப்பாவாகி அசடு வழிந்ததைச் சொல்லிச் சொல்லி நர்சுகள் இரண்டு நாள் சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை வந்தவன் கெட்டிக்காரன். வேன் மோதிக் கால் ஒடிந்த தையல்காரரின் மனைவியோடு, தன் தோல்பையோடு அவளுடைய துணிப்பையையும் தூக்கிக்கொண்டு வந்தான்.

"எங்கண்ணன்தாங்க்கா, விடுங்க" என்றாள் அவள்.

அதற்கு மேல் என்ன கேட்பது? பைகளை மேசையில் வைத்துவிட்டு நோட்டில் பெயர் எழுதச் சொன்னாள் கேட்டக்கா. கோணல்மாணலாக எழுதிய மனைவி, இப்போதுதான் கீழே அண்ணன் நீட்டிய ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டதாகவும், அதுவும் இப்படித்தான் கோணிப்போனதாகவும் சொன்னாள்.

கேட்டக்கா அவனுடைய தோல்பையைப் பார்த்தாள். அந்த ஆஸ்பத்திரியில் கையெழுத்தை வாசலுக்கு வெளியே யாரும் வாங்குவதில்லை. காகிதம் அவன் தோல்பையில் இருக்கிறது. பை மேசையில் இருக்கிறது. பிடுங்கினால் ஊரைக் கூட்டுவான்.

அவள் முகமெல்லாம் மலர எழுந்தாள்.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க தம்பி. நாளைக்கு ஆபரேஷன், ரத்தம் வேணும். தங்கச்சி புருஷனுக்கு நீங்க குடுக்காம வேற யாரு குடுப்பா?"

ரத்தம் எடுக்கிறவரைக் கையோடு கூப்பிட்டாள். அவர் வந்து அவன் சட்டைக் கையை மடித்துவிடத் தொடங்கியதும் அண்ணனுக்கு வேர்த்துக் கொட்டியது. சாப்பிடவில்லை என்றான், சர்க்கரை என்றான். கடைசியில் கழிவறை எங்கே என்று கேட்டவன், பின்படிக்கட்டில் தடதடவென்று இறங்கியவன்தான். பை மேசையிலேயே இருந்தது.

"உங்க கூடப்பிறந்தவர் நல்லா ஓடுறாரே" என்றாள் கேட்டக்கா.

"எனக்குக் கூடப்பிறந்தவங்க யாரும் இல்லக்கா. கீழ அழுதுட்டு நின்னப்ப தண்ணி வாங்கிக் குடுத்தாரு. அண்ணான்னு கூப்பிட்டேன்."

கேட்டக்கா பையைத் திறந்து காட்டினாள். மனைவி தன் கோணல் கையெழுத்தைத் தேடி எடுத்து நாலாகக் கிழித்தாள். கிழித்த பிறகுதான் அழுதாள்.

"நான் கூப்பிட்டது தப்பாக்கா?"

"நீ கூப்பிட்டதுல என்ன தப்பு? அவன்தான் அண்ணனா இருக்கத் தெரியாம ஓடிட்டான்" என்ற கேட்டக்கா, ரத்தம் எடுக்கிறவர் பக்கம் திரும்பித் தன் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கையை நீட்டினாள்.

"அக்கான்னும் கூப்பிட்டிருக்கா. எடுங்க."